தக்காளித் தோட்டத்து அணு நிலையம்

அணு என்பது கண்ணுக்குத் தெரியாத பொருள். அதை ஒழுங்குபடுத்தும் அலுவலகமும் எங்கள் மாவட்டத்தில் மூன்று வருடமாகக் கண்ணுக்குத் தெரியாமல்தான் இருந்தது. தருமபுரியில் ஓர் அரிசி மண்டிக்கு மேல்மாடியில், 'கதிரியக்கப் பொருட்கள் மற்றும் நிலையங்கள் கண்காணிப்பு ஆணையம், மாவட்ட முகாம்' என்ற பெயரில், ஓர் அதிகாரி, ஓர் ஒப்பந்த உதவியாளர், ஒரு ஜீப், கதிர்வீச்சை அளக்க ஒரு மீட்டர் ஆகியவை பொதுமக்களின் உயிர் காக்கும் பொருட்டு நியமிக்கப்பட்டிருந்தன. மாவட்டத்தில் அணு நிலையம் என்று ஒன்றுகூட இல்லை என்பதுதான் ஒரு சிறு குறை.

அதிகாரி கலைவாணன் கடமை தவறாதவர். 'இம்மாதம் ஏதுமில்லை' என்று மாதாமாதம் மூன்று நகல்களில் அறிக்கை அனுப்பிக்கொண்டே இருந்தார். முப்பத்தாறாவது அறிக்கைக்குப் பிறகு தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. 'தங்கள் மாவட்டத்தில் ஒழுங்குபடுத்துவதற்கு ஏதும் இல்லாமல் போனதற்கான விளக்கத்தை அளிக்கவும். அடுத்த மாதமும் இந்நிலை நீடித்தால் முகாம் கலைக்கப்படும்.' அன்று மதியம் அவர் கொண்டுவந்த டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை என்று உதவியாளர் சசிகலா பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

நான் பாலக்கோட்டில் மனு எழுதிக் கொடுப்பவன். பெயர் தமிழ்ச்செல்வன், ஆனால் ஊருக்கு நான் ரைட்டர். இருபத்திரண்டு வருடம் 'மேற்படி', 'பணிவுடன்', 'ஆவன செய்யுமாறு' என்று எழுதிப் பழகிய கை இது. நடுநடுவே அந்த வார்த்தைகள் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாரண்டஹள்ளிக்குக் கொஞ்சம் தள்ளி, ஓசூர் போகும் ரோட்டை ஒட்டி அமுதவல்லிக்கு ஒரு ஏக்கர் தோட்டம் இருக்கிறது. புருஷன் ஓசூரில் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். மற்ற ஆறு நாளும் தோட்டம் அவள் தலையில். போன வருடம் தக்காளியைக் கேட்பாரில்லாமல் மாட்டுக்குக் கொட்டினாள். இந்த வருடம் மார்க்கெட்டில் தக்காளிக்கு அடிதடி. அவள் தோட்டத்தில் காய் சிவந்து தொங்கியதைப் பார்த்து பஸ்ஸில் போகிறவர்களெல்லாம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

எங்கள் பக்கத்தில் காய் சிவந்தால் கண்திருஷ்டிக்கு ஏதாவது கட்டுவது வழக்கம். அமுதவல்லி முதலில் முகம் வரைந்த பூசணிக்காய் கட்டினாள். அதைக் காட்டுப்பன்றி தின்றுவிட்டது. புருஷனின் பழைய சட்டையை மாட்டினாள். அதையும் யாரோ நல்ல சட்டை என்று கழற்றிக்கொண்டு போனார்கள். கடைசியில் பழைய இரும்புக் கடையில் மஞ்சள் நிறத்தில் ஒரு தகரப் பலகையைப் பார்த்தாள். நடுவில் மூன்று இறக்கையோடு கறுப்பாக ஒரு ஃபேன் படம், கீழே இந்தியிலும் இங்கிலீஷிலும் என்னவோ எழுத்து. புரியாத பாஷையில் எழுதியிருப்பதைப் பார்த்தால் எப்பேர்ப்பட்ட கண்ணும் கொஞ்சம் தயங்கும் என்பது அவள் கணக்கு. வாங்கி வந்து ரோட்டோரம் நட்டாள்.

தயக்கம் ஒரே வாரத்தில் வந்தது. பஸ்ஸில் போன யாரோ போட்டோ எடுத்து, 'நம்ம ஊரில் அணு உலையா? தூங்குகிறதா அரசு?' என்று வாட்ஸ்அப்பில் போட்டார்கள். அரசு தூங்கவில்லை. மறுநாள் காலையில் ஜீப் வந்து நின்றது.

கலைவாணன் இறங்கிப் பலகையைக் கொஞ்ச நேரம் கண்கொட்டாமல் பார்த்தார். "கெடச்சிருச்சு" என்றார்.

"என்னாங்க சார் கெடச்சிருச்சு?" என்று அமுதவல்லி பறிப்புக் கூடையோடு வந்தாள்.

"நிலையம்மா, நிலையம். இது யாரோட நிலையம்?"

"இது எங்க தோட்டமுங்க."

சசிகலா இயற்பியல் படித்த பெண். மீட்டரை எடுத்துக்கொண்டு வரப்பு வரப்பாக நடந்து வந்தாள். "சார், ஒண்ணுமே இல்லைங்க சார். நம்ம ஆபீஸ் படிக்கட்டுக் கருங்கல்லே இதைவிட அதிகமா காட்டுது."

"மீட்டர் பொருளைக் காட்டும். பலகை நிலையத்தைக் காட்டும். நாம எதைத் தேடி வந்தோம்?"

"அந்தப் பலகைய திருஷ்டிக்கு வச்சேன்னு சொல்றாங்க சார்."

"பலகை யாரு வைப்பாங்க? நிலையம் வச்சிருக்கறவங்க. பலகை இருக்குது, அப்ப நிலையம் இருக்குது. நிலையத்துக்கு உரிமம் இல்ல, அப்ப குற்றம் இருக்குது. இதுல எந்த எடத்துல உனக்குப் புரியல?"

அமுதவல்லி சிரித்துவிட்டாள். "இதுக்கா சார் தருமபுரியிலருந்து இவ்ளோ தூரம் வந்தீங்க? இருங்க, புடுங்கிக் கடாசிடறேன்."

"தொடாதம்மா! அனுமதி இல்லாம அணு நிலையத்தை மூடறது தனிக் குற்றம். வச்ச குற்றத்தைவிடப் பெருசு."

தோட்டத்தைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டப்பட்டது. 'மேற்படி நிலையத்திலிருந்து திடப்பொருள், திரவப்பொருள், வாயு எதுவும் மறு உத்தரவு வரும் வரை வெளியேறக் கூடாது' என்று நோட்டீஸ் ஒட்டப்பட்டது. தக்காளி இதில் எந்த வகை என்று சசிகலா கேட்டாள்.

"இன்னிக்குத் திடம். பத்து நாள் போனா திரவம். ரெண்டுமே வெளிய போகக் கூடாது" என்றார் கலைவாணன். விதியை முழுதாகப் படித்தவர் அவர்.

அன்று சாயங்காலமே அமுதவல்லி என் மேசைக்கு வந்தாள். அழவில்லை, கோபமாக இருந்தாள். "அண்ணா, செடியில பழம் வெடிக்குதுங்க. லாரிக்காரன் மூணு தடவ போன் பண்ணிட்டான். ஒரு போர்ட எடுக்கறதுக்கு என்னாங்க எழுதணும்? எழுதிக் குடுங்க." பழம் வெடித்தாலும் படிவம் படிவம்தானே.

நிலையத்தை மூடுவதற்குப் படிவம் ஒன்பது. அதன் முதல் கட்டத்தில் உரிமம் எண் கேட்டிருந்தார்கள். உரிமம் இருந்தால்தான் மூடலாம். ஆகவே மூடுவதற்காக முதலில் திறக்க வேண்டியிருந்தது. திறப்பதற்குப் படிவம் ஒன்று, நாற்பத்திரண்டு பக்கம்.

பாதுகாப்பு அலுவலர் யார் என்று கேட்டிருந்தார்கள், அமுதவல்லி என்று எழுதினேன். பணியாளர் எத்தனை என்ற இடத்தில், பறிப்புக்கு வரும் நான்கு பெண்களைச் சேர்த்து ஐந்து. 'நிலையத்தின் கொள்ளளவு' என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு 'போதுமானது' என்று எழுதினேன். அரசாங்கத்தில் அந்த வார்த்தையை யாரும் திருப்பி அனுப்பியதில்லை.

அவசரகால ஒத்திகை நடத்த வேண்டும் என்றது பதினெட்டாம் பக்கம். மாரியம்மன் கோயில் மைக்கில், "பொதுமக்கள் அனைவரும் உடனடியாக" என்று கலைவாணன் ஆரம்பித்ததுதான் தாமதம், நூறு நாள் வேலைக்குப் போட்டோ எடுக்கிறார்கள் என்று நினைத்து ஊர் மொத்தமும் மண்வெட்டியும் சட்டியுமாக ஓடிவந்துவிட்டது. ஏழு நிமிடத்தில் ஒரு ஆள் பாக்கியில்லை. நிலையத்தை விட்டு விலகி ஓட வேண்டியவர்கள் நிலையத்துக்குள்ளேயே ஓடிவந்து வரிசையில் நின்றதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. 'மக்கள் ஒத்துழைப்பு: மிக நன்று' என்று அவர் குறித்துக்கொண்டார்.

எல்லாம் முடிந்து விண்ணப்பம் போனது, மூன்றாம் நாள் திரும்பி வந்தது. 'நிலையத்தில் உள்ள கதிரியக்கப் பொருளின் இருப்பு' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதியிருந்தேன். இல்லை என்பதற்கு ஆதாரம் இணைக்கப்படவில்லையாம். கிராம நிர்வாக அலுவலரிடம் போனோம். அவர் நல்ல மனிதர். "வாரிசு இல்லைன்னு கேளுங்க, தரேன். வருமானம் இல்லைன்னு கேளுங்க, தரேன். கண்ணுக்கே தெரியாத ஒண்ணு இல்லைன்னு நான் எப்டிங்க எழுதறது?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

வழி சொன்னது சசிகலாதான். போனில் குரலைத் தாழ்த்திப் பேசினாள். "இல்லைன்னு எழுதாதீங்க சார். பூஜ்ஜியம்னு எழுதுங்க."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

"இல்லைன்னா பொருளே இல்ல, அப்ப நிலையம் பொய்யாயிடும். பூஜ்ஜியம்னா பொருளுக்குக் கணக்கு இருக்குது, அளவுதான் பூஜ்ஜியம். எங்க சார் அதைத்தான் எதிர்பாக்கறாரு."

பூஜ்ஜியம் போட்டேன். மறுநாளே உரிமம் வந்தது. உரிமம் எண் ஒன்று, கோபுர முத்திரையோடு. ஜீப் வந்த நாளிலிருந்து அது பதின்மூன்றாவது நாள். கையோடு நீட்டிய படிவம் ஒன்பது மட்டும் 'பிறகு பார்க்கலாம்' என்று திரும்பி வந்தது. தோட்டத்தில் பாதி, கலைவாணன் கணித்தபடியே, திரவமாகியிருந்தது. மீதிப் பாதியை அமுதவல்லி பல்லைக் கடித்துக்கொண்டு பறித்து ஏற்றினாள். அதிலும் ஒவ்வொரு லோடுக்கும் தருமபுரிக்குப் போய் வெளியேற்ற அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்றார்கள். காலையில் பறித்த பழம் சாயங்காலம் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

இந்தக் கொடுமையைக் கண்ணால் பார்த்த ஊர் என்ன செய்திருக்க வேண்டும்? தலைதெறிக்க ஓடியிருக்க வேண்டும். எங்கள் ஊர் பொறாமைப்பட்டது.

அமுதவல்லியின் பங்காளி மாயவன்தான் முதலில் வந்தார். பக்கத்துத் தோட்டக்காரர், புருஷனுக்குத் தம்பி முறை. "ரைட்டரே, அண்ணி போர்டு வச்சதிலருந்து கவனிச்சீங்களா? சொட்டுநீர் பைப்ப ஒருத்தனும் திருடல. குழுக்கடன் தவணை கேக்க வர்ற பொண்ணு வரப்பு வரைக்கும் வந்துட்டு அப்டியே திரும்பிப் போயிடுது. கட்சிக்காரன் சுவத்துல எழுத வர்ல. எனக்கும் ஒண்ணு போடுங்க."

"உங்க நெலம் காலியாத்தானே கெடக்குது?"

"அதுக்குத்தான் கேக்கறேன். காலியா இருக்கற எடத்துலதான் களவாணிப் பசங்க மண்ணள்ளிட்டுப் போறானுங்க."

மாயவனுக்குக் கிடைத்ததும் மற்றவர்களால் சும்மா இருக்க முடியவில்லை. அறுவடை பண்ணும் தோட்டத்துக்குத்தானே அனுமதிச் சீட்டுத் தொல்லை என்று, காலி மனைக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் கட்டி முடிக்காத வூட்டுக்கும் விண்ணப்பித்தார்கள். பழைய இரும்புக் கடையில் பலகை தீர்ந்துபோய், பிளக்ஸ் கடையில் அடிக்க ஆரம்பித்தார்கள். சிலர் பலகையில் தங்கள் போட்டோவையும் சேர்த்துக்கொண்டார்கள். கல்யாணப் பத்திரிகையில் பெண்ணின் அப்பா பெயருக்குக் கீழே 'உரிமம் பெற்ற நிலையத்தார்' என்று வந்தது. உரிமம் இல்லாத வூட்டில் பெண் எடுப்பதா என்று ஒரு சம்பந்தம் தள்ளிப் போனது.

நான் படிவத்தை 'பூஜ்ஜியம்', 'போதுமானது' என்று நிரப்பியே ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டேன். முப்பத்தேழு பேருக்குப் போட்டுக் கொடுத்த பிறகு, எல்லோரிடமும் இருக்கிறதே என்று என் அறைக்கும் ஒன்று வாங்கினேன். முப்பத்தெட்டாவது உரிமம். மேசைக்கு மேலே பலகை மாட்டியதும் எதிர்க்கடை டீக்காரர் என்னை 'சார்' என்றார். எனக்கு அது பிடித்திருந்தது.

கலைவாணன் இதற்குள் வேறு ஆளாகிவிட்டார். முப்பத்தெட்டு நிலையங்கள், விபத்து பூஜ்ஜியம், கசிவு பூஜ்ஜியம், ஒத்திகையில் ஏழு நிமிடம். நாட்டிலேயே மிகப் பாதுகாப்பான மாவட்டம் என்று கேடயம் கொடுத்தார்கள். விழாவில் அமுதவல்லிக்கு முன்னோடி நிலையத்தார் என்று சால்வை போர்த்தினார்கள். அவள் அந்தச் சால்வையோடு மேடையிலேயே கேட்டாள். "சார், ரெண்டாம் போகம் பூ எடுத்திருக்குது. இந்தத் தடவையாவது சீட்டு இல்லாம பழம் விக்கணும். நிலையத்த மூடிக் குடுத்துடுங்க."

"மூடறதுன்னா உள்ள இருக்கற பொருளை மொதல்ல வெளிய எடுக்கணும்மா."

"உள்ளதான் பூஜ்ஜியமாச்சுங்களே?"

"அதான் சிக்கல். பூஜ்ஜியத்தை எடுத்தா பூஜ்ஜியம்தான் மிச்சம் நிக்கும். எடுத்ததுக்கும் எடுக்காததுக்கும் என்ன வித்தியாசம்னு ஆடிட்ல கேப்பான். எடுக்க ஒண்ணும் இல்லாத நிலையத்தை மூட விதியில எடமில்ல." கூட்டம் கைதட்டியது. எதற்கு என்று தெரியாமல் நானும் தட்டினேன். மேடையிலிருந்து அவள் என்னைப் பார்த்தாள்.

இந்த நிலையில்தான் தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தது. அங்கே லாரி கவிழ்வது செய்தியே அல்ல. டிரைவர் குதித்துத் தப்பிவிட்டார். வெங்காய மூட்டைகளுக்கு நடுவிலிருந்து மாட்டுத் தொட்டி அளவில் ஓர் இரும்புப் பெட்டி உருண்டு வந்தது. மேலே அதே மூன்று இறக்கைப் படம். ஏற்றியது யார், இறக்க வேண்டியது யார் என்று காகிதம் எதுவும் இல்லை. கேட்பாரற்ற பொருளை, இருப்பில் இடமுள்ள உரிமம் பெற்ற நிலையத்தில் வைக்க வேண்டும் என்பது விதி. மாவட்டத்தில் முப்பத்தெட்டு நிலையம், முப்பத்தெட்டிலும் இருப்பு பூஜ்ஜியம், கொள்ளளவு போதுமானது. எதில் வைப்பது?

"அண்ணிதானே மொதல் நம்பரு" என்றார் மாயவன். அன்று ஊரில் இருந்த ஒற்றுமையை நான் எந்தத் தேர்தலிலும் பார்த்ததில்லை.

கிரேன் வந்து, பூ எடுத்திருந்த தக்காளிச் செடிகளுக்கு நடுவே பெட்டியை இறக்கியது. சசிகலா மீட்டரைக் கிட்டே கொண்டுபோனாள். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அது வாயைத் திறந்து கத்தியது.

"சார், கத்துது சார்! எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லுங்க!"

"மூணு வருசமா சும்மா இருந்தது இன்னிக்குத் திடீர்னு கத்துதுன்னா, மீட்டர்ல ஏதோ கோளாறு. சர்வீசுக்கு அனுப்பு" என்றார் கலைவாணன். அடுத்து, பலகையைக் கழற்றச் சொன்னார். "இப்ப உள்ள பொருள் இருக்குது. இந்த நேரத்துல போர்டு இருந்தா ஜனங்க பயந்துருவாங்க." ஒரு கையகலப் பலகையை எடுக்க அமுதவல்லி நான்கு மாதம் நடந்தாள். அன்று அரை நிமிடத்தில் எடுத்தார்கள்.

அவள் பெட்டியைப் பார்த்தாள், செடிகளைப் பார்த்தாள். பிறகு கலைவாணனிடம் நேராகப் போனாள்.

"சார், மூடறதுக்கு உள்ள ஏதாவது இருக்கணும்னு சொன்னீங்க. இப்ப இருக்குது. எடுங்க. எடுத்துட்டு மூடிக் குடுங்க."

கலைவாணன் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். முன்னும் பின்னும் புரட்டினார். அவர் நேர்மையானவர், புத்தகத்தில் இருந்ததை மறைக்கவில்லை. "சரிதான்மா. எடுத்த பொருளை அருகிலுள்ள உரிமம் பெற்ற நிலையத்துக்கு மாத்தலாம்னு இருக்குது."

எல்லோரும் மாயவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மாயவனுக்குப் பெட்டி வந்த கையோடு அவரும் படிவம் ஒன்பதை நீட்டினார். அவருக்கு அடுத்தவர் கொட்டகைக்காரர். அவரும் நீட்டினார். டிராக்டரில் ஏற்றுவதும் இறக்குவதுமாக, அன்று பொழுது சாய்வதற்குள் பெட்டி ஊரையே சுற்றி வந்துவிட்டது. இறங்கிய இடத்திலெல்லாம் ஒரு நிலையம் சட்டப்படி திறம்பட மூடப்பட்டது. சம்பந்தம் தள்ளிப்போன வூட்டில், உரிமம் இல்லாதவர்கள் எவ்வளவு நல்ல குடும்பம் என்று மறுபடி பேச்சு எடுத்தார்கள். முப்பத்தேழு படிவங்களையும் நான்தான் உட்கார்ந்து எழுதினேன். கை வலித்தது, ஆனாலும் அமுதவல்லியின் தோட்டம் பிழைத்ததே என்று சந்தோஷமாகவே எழுதினேன். முப்பத்தேழாவதை எழுதி முடித்துத் தலை நிமிர்ந்தபோது டிராக்டர் பாலக்கோட்டுக்கு, என் அறை வாசலுக்கு வந்து நின்றிருந்தது.

"அடுத்த நிலையம் எதுங்க சார்?" என்று கேட்டேன்.

"மாவட்டத்துல இனி நீங்க மட்டும்தான்" என்றார் கலைவாணன். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்களையும் மூடிட்டா எங்க முகாமுக்கு வேலையே இல்லாம போயிடும். நல்லா பாத்துக்குங்க."

பெட்டி என் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மீட்டர் சர்வீசிலிருந்து இன்னும் வரவில்லை. சசிகலாவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. போகும்போது, "கிட்ட ஒக்காராதீங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். நான் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு கையை நீட்டி எழுதுகிறேன்.

நேற்று கடத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். பட்டா மாறுதல் மனு எழுத வேண்டுமாம். வந்தவர் பெட்டியின் மேல் உட்காரப் போனார்.

"அதுல ஒக்காராதீங்க" என்றேன்.

"ஏனுங்க?"

காரணத்தை வெளியிடக் கூடாது என்பது உரிமத்தின் ஏழாவது நிபந்தனை. நான் அவரை ஏற இறங்கப் பார்த்தேன். வெள்ளை வேட்டி, கழுத்தில் செயின்.

"கடத்தூர்ல உங்களுக்குக் காலி எடம் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"ரோட்டு மேலயே அஞ்சு சென்ட் கெடக்குதுங்க. ஏன் கேக்கறீங்க?"

"இல்ல, ஒரு லைசென்ஸ் இருக்குது. உங்க ஊர்ல இன்னும் ஒருத்தருக்கும் இல்ல." மேசை இழுப்பறையைத் திறந்து, ஏற்கெனவே நிரப்பி வைத்திருந்த ஜெராக்ஸ் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் பக்கத்தைப் புரட்டவே இல்லை. "மொதல் ஆளு நானா?" என்று கேட்டுக்கொண்டே பேனாவைத் தேடினார்.